ஊசியும் மூலிகையும் கருவைத் தங்க வைக்குமா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனைக்குட்டத்தில் என் வீட்டுக்குப் பள்ளித் தோழர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். தோழர் பட்டாசு ஆலையொன்றில் போர்மேன். மனைவி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார்; வயது 34. திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. இருவரும் மதுரைக்குச் சென்று முழுச் சோதனை செய்துகொள்ளும்படி உள்ளூர் டாக்டரம்மா சொல்லி ஓராண்டு ஆகிவிட்டது. சோதனைக் குழாய் முறை தேவைப்படலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதற்காகச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில் யாரோ வேறொரு வழி சொல்லியிருக்கிறார்கள். பத்துத் தடவை அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டு, மூன்று மாதம் சீனத்து மூலிகைப் பொடி சாப்பிட்டால் கரு நிச்சயம் தங்கும் என்பது அந்த யோசனை. ஆனால் அதற்கே சீட்டுப் பணத்தில் பாதி போய்விடும்.

"அண்ணே, நெசமாவே தங்குமா? தங்கும்னா மிச்சத்துக்கு நகையை வித்துரலாம்" என்று கேட்டார் அந்தச் சகோதரி. பொடிப் பொட்டலம் ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தார். பழுப்பு நிறம், கசப்பான வாடை, பொட்டலத்தின் மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை.

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் அவர் கேட்டது, ஒரு முறை பலன் தருகிறதா என்பதை எவ்வாறு அளந்தறிவது என்ற கேள்வி. ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நாள்தோறும் நான் கற்பிப்பதும் அதுதான். ஆகவே அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கருவுறுதலின் கணக்கு

ஒரு பெண் பிறக்கும்போதே அவள் சினைப்பைகளில் 10 முதல் 20 இலட்சம் முட்டைகளின் மூலங்கள் இருக்கின்றன. பூப்பெய்தும்போது எஞ்சியிருப்பவை 3 அல்லது 4 இலட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருபவையோ ஏறத்தாழ 400 மட்டுமே. மாதத்திற்கு ஒன்றாக வெளிவரும் முட்டை ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிருடன் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிர் வாழக்கூடும். ஆகவே கருத்தரிக்க ஏற்ற நாட்கள் மாதத்தில் ஆறு நாட்களே.

நல்ல உடல்நலமுள்ள இளந்தம்பதியருக்குக்கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். எனவே சில மாதங்கள் தாமதமாவதை நோயாகக் கருதக் கூடாது. பெண்ணின் வயது 40-க்குள் இருந்தால், நூறு தம்பதியரில் ஏறத்தாழ 84 பேர் முதலாண்டிலேயே கருத்தரிக்கின்றனர். எஞ்சிய 16 பேரில் பாதிப்பேர், அதாவது 8 பேர், இரண்டாம் ஆண்டில் எந்தச் சிகிச்சையும் இன்றியே கருத்தரிக்கின்றனர்.

இந்த 8 பேரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாண்டு ஏமாற்றமடைந்த அந்த 16 தம்பதியரும் ஒரு வைத்தியரிடம் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் ஊசி குத்தினாலும், பொடி கொடுத்தாலும், அரசமரத்தைச் சுற்றச் சொன்னாலும் ஓராண்டில் 8 பேர் கருத்தரிப்பார்கள். அவர்கள் அந்த வைத்தியரின் பெயரை ஊர் ஊராகச் சொல்வார்கள். மற்ற 8 பேரோ வெளியில் வாய் திறக்க மாட்டார்கள். நம் காதில் விழுவது முதல் எட்டுப் பேரின் குரல் மட்டுமே. "இன்னாருக்குப் பலித்தது" என்ற செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதனால்தான் பலித்தது என்று சொல்ல அது போதாது.

சோதனைக் குழாய் முறையில் தடைப்படும் இடம்

சோதனைக் குழாய் முறையில் ஹார்மோன் ஊசிகளால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்கிறார்கள். அவற்றை நுண்ணிய ஊசியால் உறிஞ்சி எடுத்து, கண்ணாடிக் கலத்தில் விந்தணுவுடன் சேர்க்கிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள் வளர்ந்த கருவை மெல்லிய குழாய் வழியே கருப்பையில் வைக்கிறார்கள். இதுவரை மருத்துவர் கையில் உள்ளது. வைத்த கரு கருப்பையின் உட்சுவரில் ஒட்டி வேரூன்ற வேண்டும். பெரும்பாலான ஏமாற்றங்கள் நிகழும் இடம் இதுவே.

இம்முறையில் முதல் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ல் பிறந்தது. அதற்குப் பத்தே வாரங்கள் கழித்து, அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்ப மறுத்துவிட்டது. மனமுடைந்த அவர் 1981-ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் 1997-ல் டாக்டர் டி.சி. ஆனந்த குமார் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, முகர்ஜி சொன்னது உண்மையே என்று எடுத்துரைத்தார். ஆராயாமல் ஏற்பது எவ்வளவு தவறோ, ஆராயாமல் மறுப்பதும் அவ்வளவு தவறு. அக்குபங்சரைப் பற்றிப் பேசும்போதும் இதை நாம் மறக்கலாகாது.

தமிழ்நாட்டுக்கு இம்முறை வந்தது 1990-ல். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் இதில் வெற்றி கண்டார். இன்று மதுரை, கோவை போன்ற நகரங்களிலெல்லாம் இதற்கான மருத்துவமனைகள் உள்ளன. ஆயினும் ஒரு தடவை முயன்றால் பலிக்காதவர்களே அதிகம். பெண்ணின் வயது 35-ஐத் தாண்டினால் வாய்ப்பு விரைந்து குறைகிறது. இத்தனை பணமும் வேதனையும் கலந்த முயற்சியில், கரு ஒட்டுவதற்குத் துணையாக ஏதேனும் கிடைக்காதா என்று தம்பதியர் தேடுவது இயல்பே. அக்குபங்சர் நுழைவது இந்த இடத்தில்தான்.

ஊசி வந்த வழி

மயிரினும் சற்றுத் தடித்த ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செருகும் முறை சீனத்தில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. 'சீ' என்னும் உயிராற்றல் பாதைகள் வழியே உடலெங்கும் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், ஊசியால் தடை நீங்கும் என்பது சீனரின் பழங்கொள்கை.

சீனாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த 1938-ல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. டாக்டர் கோட்னிஸ் அவர்களுள் ஒருவர் என்பதைப் பலர் அறிவர். மற்றொருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, 1950-களின் கடைசியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்றார். திரும்பி வந்து 1959-ல் கல்கத்தாவில் அதைச் செய்யத் தொடங்கினார். 1970-களில் கொழும்பில் டாக்டர் அன்டன் ஜயசூரிய ஓர் அரசு மருத்துவமனையில் அக்குபங்சர் பிரிவை நடத்தினார். வெளிநாட்டினர் பலர் அங்கு வந்து பயின்றனர். இந்திய அரசு 2019 பிப்ரவரியில் இதனை ஒரு தனி மருத்துவ முறையாக ஏற்று ஆணை பிறப்பித்தது. தமிழ்நாட்டில் இப்போது சிற்றூர்களில்கூட அக்குபங்சர் நிலையங்களைக் காணலாம். சிலர் ஊசியே இல்லாமல் விரலால் தொடுவதோடு முடித்துக்கொள்கின்றனர்.

அரசு ஒரு முறையை ஏற்பது என்பது, அம்முறை எல்லா நோய்க்கும் பலன் தரும் என்று சான்றளிப்பது ஆகாது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பாதையை மின்மானி காட்டுமா?

'சீ' ஓடும் பாதைகளில் தோலின் மின்தடை குறைவு, அதைக் கருவியால் அளந்து காட்டலாம் என்று சிலர் கூறுகின்றனர். இது இயற்பியலுக்குள் வரும் கூற்று ஆகையால் நாமே சோதிக்கலாம். ஒரு மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் இரு விரல்களால் மெதுவாகப் பிடியுங்கள். முள் அல்லது எண் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறுக்கி அழுத்துங்கள், மின்தடை குறையும். விரலை நீரில் நனைத்துப் பிடித்தால் இன்னும் பெரிதும் குறையும். வியர்வை, அழுத்தம், முனையின் பரப்பு ஆகிய மூன்றும் அளவை இவ்வளவு மாற்றும்போது, கருவி 'கண்டுபிடித்த' புள்ளி உண்மையில் அதைப் பிடித்தவர் சற்று அழுத்திய இடமாக இருக்கலாம். உடலை அறுத்துப் பார்த்த உடற்கூறு அறிஞர்களும் நரம்பு, இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய் தவிர வேறு பாதை எதையும் காணவில்லை.

இதனால் ஊசிக்கு எவ்வித விளைவும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுகின்றன. மூளை எண்டார்பின் என்ற வலி தணிக்கும் பொருளைச் சுரக்கிறது. 1970-களில் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, ஊசியால் தணிந்த வலி மீண்டும் தலைதூக்கியது. சுவீடனில் 1996-ல் எலிசபெத் ஸ்டெனர்-விக்டோரின் குழுவினர், பிள்ளைப்பேறில்லாத 10 பெண்களுக்கு மின்சாரம் பாய்ச்சிய ஊசிகளைக் குத்தி, கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தின் தடை குறைவதைக் கண்டனர். எனவே, ஊசி கருப்பையைப் பக்குவப்படுத்தக்கூடும் என்று எண்ண இடம் இருந்தது. உண்மையிலேயே குழந்தை பிறக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

தீக்குச்சியைச் சோதிப்பது போல

ஒரு தீப்பெட்டி ஆலையில் புதிய மருந்துக் கலவை ஒன்றைச் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பழையதைவிட நன்றாகப் பற்றுமா என்று எவ்வாறு சோதிப்பது? பழைய கலவையை மழை நாளிலும் புதியதை வெயில் நாளிலும் முக்கி எடுத்தால், பெருமை வெயிலைச் சாரும். ஆகவே ஒரே நாளில், ஒரே மரக் குச்சிகளைக் கலைத்துப் போட்டு, பாதியைப் பழையதிலும் பாதியைப் புதியதிலும் முக்க வேண்டும். உரசிப் பார்ப்பவர் புதியதின்மேல் ஆசை கொண்டவராக இருந்தால் அதைச் சற்று அழுத்தி உரசுவார். அதைத் தடுக்க இரண்டுக்கும் ஒரே நிறச் சாயம் கலக்க வேண்டும். எது எந்தக் கலவை என்பது அவருக்குத் தெரியக் கூடாது.

மருத்துவச் சோதனைக்கும் விதி இதுவே. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. மாத்திரை என்றால் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்துவிடலாம். ஊசியைக் குத்தாமல் குத்தியது போல் காட்டுவது எப்படி?

இதற்கு நாடக மேடையில் விடை கிடைத்தது. வில்லன் குத்தும் கத்தியின் அலகு பிடிக்குள் மறைந்துகொள்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே அமைப்பில் ஒரு போலி ஊசியை ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் என்பவர் 1998-ல் வெளியிட்டார். மழுங்கிய முனை தோலைத் தொட்டதும் ஊசி தன் பிடிக்குள் ஏறிக்கொள்கிறது. குத்தியது போன்ற உணர்வு மட்டும் ஏற்படுகிறது.

சோதனைகள் கண்டது என்ன?

இந்தத் துறையில் பரபரப்பை ஊட்டிய ஆய்வு 2002-ல் ஜெர்மனியில் பாலஸ் என்ற மருத்துவரின் குழு வெளியிட்டதாகும். சோதனைக் குழாய் முறைக்கு வந்த 160 பெண்களில் 80 பேருக்குக் கருவை வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் அக்குபங்சர் செய்தனர். மற்ற 80 பேருக்குச் செய்யவில்லை. முதல் குழுவில் 34 பேர் கருத்தரித்தனர். இரண்டாவதில் 21 பேர். அதாவது நூற்றுக்கு 42.5, மற்றும் 26.3. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. "கருத்தரிக்க அக்குபங்சர்" என்ற விளம்பரங்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

ஆயின் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தற்செயல். இரு குழுக்களுக்கும் வாய்ப்பு ஒன்றேயானாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு நூற்றில் மூன்று தடவை தானாகவே தோன்றிவிடும். இரண்டு, ஊசி போட்டுக்கொண்டோம் என்பது முதல் குழுவுக்குத் தெரியும்; போலி ஊசி பயன்படுத்தப்படவில்லை. மூன்று, அவர்கள் எண்ணியது கருத்தரிப்பை. பிறந்த குழந்தைகளை அல்ல. தரித்த கரு எல்லாமே குழந்தையாவதில்லை.

பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 370 பெண்களிடம் போலி ஊசியை வைத்துச் சோதித்தனர். 2009-ல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. உண்மை ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 43.8 பேரும், போலி ஊசி பெற்றவர்களில் 55.1 பேரும் கருத்தரித்தனர். போலியே வென்றுவிட்டது! போலி ஊசிக்கும் ஏதோ ஆற்றல் உண்டோ என்று சிலர் ஐயுற்றனர். தற்செயல் எவ்வளவு தூரம் நம்மை அலைக்கழிக்கும் என்பதற்கு இதுவும் சான்றாகலாம்.

எனவே பெரிய சோதனை தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 மருத்துவமனைகளில் 848 பெண்களைக் கொண்டு கரோலின் ஸ்மித் குழுவினர் அதனைச் செய்தனர். இவர்கள் அக்குபங்சரின் பகைவர்கள் அல்லர். அதனை ஆதரிக்கும் ஆர்வத்துடன் ஆய்ந்தவர்களே. முட்டைகள் முதிரும் காலத்தில் ஒரு தடவை, கருவை வைக்கும் நாளில் இரு தடவை என மூன்று முறை ஊசி குத்தினர். இம்முறை எண்ணியது உயிருடன் பிறந்த குழந்தைகளை. 2018-ல் வெளியான முடிவு: உண்மை ஊசிக் குழுவில் நூற்றுக்கு 18.3, போலி ஊசிக் குழுவில் 17.8. இரண்டும் ஒன்றே எனலாம்.

நம் ஊர்ப் பெண்களிடையே இன்று அடிக்கடி கேட்கும் குறை சினைப்பை நீர்க்கட்டி. இதில் முட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவருவதில்லை. இதற்கான சோதனை அக்குபங்சரின் தாயகமான சீனாவிலேயே நடந்தது. 21 மருத்துவமனைகளில் 1,000 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். குளோமிபீன் என்ற மாத்திரையோடு உண்மை ஊசி, குளோமிபீனோடு போலி ஊசி, போலி மாத்திரையோடு உண்மை ஊசி, இரண்டுமே போலி என்பன அந்நான்கு. குழந்தை பெற்றவர்கள் முறையே நூற்றுக்கு 29.4, 28.0, 13.9, 16.8. மாணவர்கள் இவ்வெண்களைச் சற்று உற்று நோக்க வேண்டும். மாத்திரை உள்ள இரு குழுக்களும் மேலே நிற்கின்றன. இல்லாத இரண்டும் கீழே நிற்கின்றன. ஊசி உண்மையா போலியா என்பதால் எந்த மாற்றமும் இல்லை. 2017-ல் இதனை வெளியிட்ட சீன ஆய்வாளர்கள், நீர்க்கட்டியால் கருத்தரிக்காத பெண்களுக்கு அக்குபங்சரைச் சிகிச்சையாகப் பயன்படுத்த இம்முடிவு ஆதரவளிக்கவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதினர்.

ஆக, ஊசியே குத்தாத குழுவோடு ஒப்பிட்டால் சில ஆய்வுகளில் நன்மை தெரிகிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் அது மறைந்துவிடுகிறது. அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் கனிவோடு கவனிப்பதும் மனக்கலக்கத்தைக் குறைக்கலாம். முட்டை எடுக்கும்போது தோன்றும் வலியைத் தணிக்கவும் ஊசி சிறிது உதவலாம். அந்த அளவு பயனை விரும்புபவர் பெற்றுக்கொள்ளலாம். கருவைத் தங்க வைக்கும் என்ற வாக்குறுதிக்குத்தான் ஆதாரம் இல்லை.

மூலிகையின் இரு முகங்கள்

மூலிகையின் கதை ஊசியின் கதையினின்று வேறுபட்டது. மூலிகையில் மெய்யான வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுக்கு மெய்யான ஆற்றல் உண்டு. ஆகவே மெய்யான கேடும் விளையக்கூடும்.

மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் கொடுக்கும்படி நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்று கூறுகிறது. கொதிக்க வைத்தால் மருந்து கெடுகிறது போலும் என்று அந்த வரியிலிருந்து ஊகித்த தூ யூயூ என்ற பெண் அறிஞர், குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971-ல் அது விலங்குகளின் மலேரியாவை முற்றிலும் நீக்கியது. அதுவே ஆர்ட்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை மதித்தார். ஆனால் பிரித்து, அளந்து, சோதித்த பிறகே மக்களுக்குக் கொடுத்தார்.

கருத்தரிப்புக்கான சீன மூலிகைகளிலும் ஒன்று இவ்வாறு சோதிக்கப்பட்டது. பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் அது. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இது உண்டு. நீர்க்கட்டி உள்ள 644 சீனப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு லெட்ரோசோல் மாத்திரையும், ஒரு பகுதியினருக்குப் பெர்பெரினும், மற்றவர்களுக்கு இரண்டும் கொடுத்தனர். 2016-ல் வெளியான முடிவின்படி குழந்தை பெற்றவர்கள் முறையே நூற்றுக்கு 36, 22, 34. மாத்திரையைவிடப் பெர்பெரின் தாழ்ந்தது. மாத்திரையோடு சேர்த்தாலும் கூடுதல் பயன் தரவில்லை. கர்ப்ப காலத்தில் பெர்பெரினைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அறிய வேண்டியது. பிற சீன மூலிகைக் கலவைகளைக் குறித்து 8 ஆய்வுகளை, மொத்தம் 609 பெண்களை, 2021-ல் ஒருங்கே ஆராய்ந்தவர்கள், அவற்றுள் ஒன்றுகூடக் குழந்தைப் பிறப்பை எண்ணிச் சொல்லவில்லை என்று கண்டனர்.

கேட்டின் முகத்தைக் காண பெல்ஜியத்துக்குச் செல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பின்னர் அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. ஆராய்ந்தபோது ஒரு மூலிகைக்குப் பதில் ஏறக்குறைய அதே சீனப் பெயர் கொண்ட வேறொன்று பொடியில் கலந்திருந்தது தெரிந்தது. அதிலிருந்த நஞ்சு அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

அந்தச் செடியின் உறவினர் நம் கரிசல் காட்டிலேயே முளைக்கிறது. ஆடுதீண்டாப்பாளை என்று நாம் அழைப்பது அதே இனம். அதே அமிலம் அதிலும் உண்டு. பெருமருந்து எனப்படும் ஈசுவர மூலியும் அவ்வினமே. இந்த இனச் செடிகள் அடங்கிய மருந்துகளை உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியுள்ளது. இருமலுக்கு நாம் சுவைக்கும் அதிமதுரம்கூடச் சீனக் கலவைகள் பலவற்றில் சேர்கிறது. அளவு மிஞ்சினால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

மதுரையில் ஹார்மோன் ஊசி நடக்கும்போது வீட்டில் பெயரறியாப் பொடியும் உள்ளே போனால், இரண்டையும் ஒரே உடலே கையாள வேண்டும். எது எதைக் கூட்டியது, குறைத்தது என்று மருத்துவருக்கும் தெரியாது. "இயற்கையானது, ஆகவே தீங்கில்லை" என்ற பேச்சை எட்டிக்காயைப் பார்த்தவர் எவரும் ஒப்ப மாட்டார்.

எண்ணிப் பார்க்காத பாதி

இவ்வளவும் கேட்ட பின் அந்தச் சகோதரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருசமா என்னையத்தான அண்ணே எல்லாரும் பாக்குறாங்க" என்றார். தோழர் தலையைக் குனிந்துகொண்டார். விசாரித்ததில், மனைவிக்கு ஸ்கேனும் இரத்தச் சோதனையும் பலமுறை ஆகியிருந்தன. கணவருக்கு ஒரு சோதனைகூட ஆகவில்லை.

குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணின் குறையும் தனித்தோ கலந்தோ இருக்கிறது. விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்கே இயற்பியல் காரணம் உண்டு. விந்தணு நன்கு உண்டாக, உடலின் வெப்பநிலையைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்க வேண்டும். உள்ளே செல்லும் தமனியைச் சுற்றி, வெளிவரும் சிரைகள் வலை போலப் பின்னியுள்ளன. குளிர்ந்து திரும்பும் இரத்தம், உள்ளே போகும் இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சிரைகள் புடைத்துவிட்டால் விந்தணு குறையலாம். அதற்குச் சிகிச்சையும் உண்டு. உலக நல நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாகக் காட்டுகிறது. ஊசி குத்தாமல், கத்தி படாமல் செய்யக்கூடிய எளிய சோதனை இது. செலவும் குறைவு. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகுமாதலால், முதல் முடிவு குறைவாக வந்தால் இடைவெளி விட்டு மீண்டும் பார்ப்பார்கள்.

குறை கணவரிடம் இருக்குமானால் மனைவியின் உடலில் பத்து ஊசி அல்ல, பத்தாயிரம் ஊசி குத்தினாலும் என்ன பயன்? முதல் கூலிப் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பது அன்று தெளிவாகிவிட்டது. மறுவாரமே தோழர் விருதுநகரில் ஒரு சோதனைச் சாலைக்குச் சென்று வந்தார். முடிவு அவர்கள் சொந்த விஷயம். இருவரும் சேர்ந்து மதுரைக்குப் போனார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

நாம் கேட்க வேண்டியவை

கருத்தரிக்கும் என்று எவரேனும் வாக்களித்தால், அவர் ஆங்கில மருத்துவராயினும் அக்குபங்சர் மருத்துவராயினும், கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. எத்தனை பேருக்குச் செய்தீர்கள். அவர்களுள் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?

2. செய்துகொள்ளாதவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தது?

3. மருந்தில் என்னென்ன சேர்ந்துள்ளன? எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீர்களா?

4. கணவருக்குச் சோதனை ஆயிற்றா?

மன அமைதிக்காக அக்குபங்சர் செய்துகொள்ள விரும்புவோர், புதிதாக உறை பிரித்த ஊசியைத் தம் கண் முன்னே எடுக்கச் சொல்ல வேண்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும். அதற்காக அவர் கொடுத்த மருந்தை நிறுத்தவோ, குறித்த நாளைத் தள்ளிப்போடவோ கூடாது. பணத்தை மீண்டும் சீட்டுப் போட்டுச் சேர்த்துவிடலாம். 34 வயதுப் பெண்ணுக்குத் தள்ளிப்போன இரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த வைத்தியராலும் முடியாது.

அன்று புறப்படும்போது அந்தச் சகோதரி பொடிப் பொட்டலத்தை என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவரைக் கேட்டு வரும்படி தோழரிடம் சொல்லியிருந்தேன். "அது ரகசியம்" என்று விற்றவர் சொல்லிவிட்டாராம்.